வெளுத்த பவளம்

திருட்டு என்றால் பொருள் காணாமல் போக வேண்டும். கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பொருள் அப்படியே இருந்தது, நிறம்தான் காணாமல் போயிருந்தது. நிறத்தைத் திருடியவரை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. பூரணி அக்காவுக்கும் அப்போது தெரியாது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பிடித்தாக வேண்டும் என்று எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்.

அப்போது மணி பத்தேகால்.

என் பெயர் ஜீவராஜ். இலங்கை மலையகத்தில், ஹட்டன் நகரில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஓட்டாத நேரத்தில் பூரணி அக்காவுக்கு உதவியாளன். உதவியாளன் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். அவர் யோசிப்பார், நான் பெட்ரோல் போடுவேன். அக்கா இருபத்திரண்டு வருடம் வங்கியில் நகை அடகுப் பிரிவில் இருந்தவர். பொய் நகைகளைப் பார்த்து அலுத்துப்போய்ப் பொய் மனிதர்களைப் பார்க்கலாம் என்று வேலையை விட்டுவிட்டு, பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் பலகையை மாட்டிவிட்டார்.

வந்திருந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். குடையை மடக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. அதன் கம்பியை விரலால் எண்ணிக்கொண்டே பேசினார்.

"என் பேரு நாகலெட்சுமிங்க. கோயில் பொருளாளர் பொன்னையாவோட சம்சாரம். நான் இங்க வந்தது அவருக்குத் தெரியக்கூடாது மிஸ்."

"தெரியாது. சொல்லுங்க."

"சர்மிளான்னு ஒரு புள்ள. பிள்ளைக்காம்பராவுல சின்னதுங்களுக்குச் சொல்லிக் குடுக்குறா. அம்மன் நகையெல்லாம் வருசம் முழுக்க வங்கியில இருக்கும். திருவிழாவுக்கு மட்டும் எடுப்போம். வருசத்துக்கு ஒரு வீட்டுக்காரங்க அதத் தொடச்சுக் குடுக்கணும். இந்த வருசம் சர்மிளா வீட்டு மொற. திங்கக்கெழம எல்லாரும் பாக்கப் பெட்டிய வாங்கிட்டுப் போனா. வியாழக்கெழம கொண்டாந்து குடுத்தா. தெறந்து பாத்தா பவள மாலை சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்கு."

"தோட்டத்துல என்ன பேசிக்கிறாங்க?"

"அசல வித்துட்டுப் போலிய வச்சுட்டான்னு பேசுறாங்க. எங்க வீட்டுக்காரருதான் முன்னுக்கு நிக்கிறாரு. இன்னைக்கு அஞ்சு மணிக்குக் காப்புக் கட்டுறோம். அதுக்கு முன்ன அந்தப் புள்ள சூடம் அணைக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க."

அக்காவின் கையில் இருந்த பேனா நின்றது. எரிகிற சூடத்தை அம்மன் முன்னால் உள்ளங்கையால் அடித்து அணைத்து, 'நான் எடுக்கவில்லை' என்று சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் கடைசித் தீர்ப்பு. கை ஆறிவிடும். ஆனால் 'சூடம் அணைத்தவள்' என்ற பெயர் ஆறாது. அப்படிப்பட்டவளிடம் எந்தத் தாயும் தன் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போகமாட்டாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்று பூரணி அக்கா கேட்டார்.

"அது அதே மாலைதான் மிஸ். கெட்டுப்போச்சு, அவ்ளோதான். அந்தப் புள்ள ஒரு பாவமும் அறியாது. எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க."

அவர் எழுந்து படியிறங்கிய வேகத்தில், குடையை விரிக்க இப்போதும் மறந்துவிட்டார். வெளியே நல்ல மழை.

"புருசன் ஊசியக் கோக்குறாரு, பொண்டாட்டி நூல உருவுறாங்க. நல்ல குடும்பம்," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். அவருக்கு ஏதோ இடித்தால் இப்படித்தான், நாற்காலி சுடும்.

"வண்டிய எடு ஜீவா."

டிக்கோயா தாண்டி மேலே ஏறும் பாதையில் மண் சரிந்து, பாதித் தெருவை மூடியிருந்தது. ஒரு பக்கமாக வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார்.

"என் முதுகப் பாத்தா மண்ணு நகராதுக்கா."

"பேசாம ஓட்டு."

"ஓட்டத்தான் முடியல, பேசவாவது விடுங்க."

நாற்பது நிமிடம் போயிற்று.

வரிசை வீடுகளான லயத்தில், சர்மிளாவின் வீட்டு வாசலில் நாங்கள் நின்றபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. நேற்றுப் பிள்ளைக்காம்பராவுக்கு இருபத்தொரு பிள்ளைகளில் நாலு பேர்தான் வந்தார்களாம். அந்த நாலு பேரும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். 

"நகைய எப்படித் தொடச்சீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க," என்றார் அக்கா.

"தங்கத்த மட்டுந்தான் தண்ணியில போட்டேன் மிஸ். பேசின் அடியில துவாய விரிச்சு, வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டே சொட்டு. பத்து நிமிசம் ஊற வச்சு, சின்னப் புள்ளைங்க பல்லு வெளக்குற மெத்துனு பிரஷ்ஷால தேச்சேன். வாளித் தண்ணியில அலசுனேன். தண்ணி கொட்டுற பீலிப்பக்கமே கொண்டுபோகல, கைதவறுனா சாக்கடைக் காணோடு போயிரும்ல."

"வெள்ளிக் கிரீடம்?"

"அதுக்கு வேற துணி. கல்லு வச்ச பதக்கத்த ஊற வைக்கவே இல்ல. கல்லுக்கு அடியில தண்ணி எறங்கிருச்சுன்னா கல்லு கழண்டுரும்."

"பவளம்?"

"பவளத்துல தண்ணி ஊத்தவே இல்ல மிஸ். மெல்லிசுத் துணிய நனைச்சுப் புழிஞ்சு தொடச்சேன். காஞ்ச துணி மேல படுக்கப் போட்டேன். தொங்க விட்டா ஈர நூலு இழுத்துக்கும்."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று நான் கேட்டேன்.

"போன்ல பாத்தேன்ணே. ஒண்ணுக்கு நாலு எடத்துல பாத்தேன். அம்மன் நகையாச்சே, பயம்."

"எங்க வீட்டுல பல்லு வெளக்குற பேஸ்ட்டுதான். மோதிரமும் பளிச், பல்லும் பளிச்."

"பேஸ்ட்டு தங்கத்தக் கீறும்ணே. உங்க மோதிரத்தக் குடுங்க, காட்டுறேன்."

மோதிரக் கையை நான் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். அக்காவுக்கு முதல் தடவையாக உதடு லேசாக விரிந்தது.

"சரி. மாலை எப்ப வெளுத்துச்சு?"

சர்மிளா சுவரைப் பார்த்தாள். "தொடைக்கத் தொடைக்கத்தான் மிஸ் வெளுத்துச்சு. வாங்கையில நல்லாச் செவப்பா, மினுமினுன்னு இருந்துச்சு. மூணு தடவ தொடச்சேன். மூணாவது தடவ செவப்பே இல்ல. என் கையாலதான் கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன். அதான் யாருகிட்டயும் சொல்லல."

"அந்தத் துணி எங்க? தொவச்சிட்டீங்களா?"

"அய்யோ, தொவைக்கக்கூடாது மிஸ்! அம்மன் நகை தொடச்ச துணிய காலு படுற எடத்துல போடக்கூடாது, சோப்பும் போடக்கூடாது. தேர் முடிஞ்சப்புறம் ஆத்துலதான் விடணும்."

சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தாள். எந்தக் காலத்தில் யார் வைத்த வழக்கமோ, அவர்கள் வாழ்க. பொலிஸ்காரர் கூட இவ்வளவு பத்திரமாகத் தடயத்தை வைத்திருக்கமாட்டார்.

அக்கா துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரம் முழுக்க எண்ணெய். மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தேங்காய் எண்ணெய்," என்றேன்.

"பதினோரு மாசம் வங்கிப் பெட்டிக்குள்ள இருந்த மாலையில புது எண்ணெய். அப்புறம் இது?"

எண்ணெய்க் கறைக்கு நடுவில் மனிதத் தோலின் நிறத்தில் ஒரு தீற்றல். அதற்குள்ளே பொடிப்பொடியாக ரோஸ் நிறத்தில் ஏதோ மின்னியது.

"அம்மனுக்குச் சந்தனம் பூசுவோம், மஞ்சப் பூசுவோம். அம்மன் எப்ப ஜீவா மேக்கப் போட்டுச்சு?"

 வாசலைத் தாண்டி மழையில் ஓடினேன். என் ஆட்டோவின் பின்சீட்டில், தையல் மடிப்புக்குள், ஆறு நாளாக நான் தட்டியும் துடைத்தும் திட்டியும் போகாத அதே ரோஸ் ஜிகினாத்தூள்! விரலில் ஒற்றிக்கொண்டு ஓடிவந்து துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றே.

"போன ஞாயித்துக்கெழம ஹட்டன்லேருந்து பியூட்டி பார்லர் பிரியந்திய டிக்கோயா மண்டபத்துக்கு ஏத்திட்டுப் போனேன்க்கா. பொண்ணு அலங்காரம். அந்தம்மா பெட்டி தொறந்து கொட்டுனது இது."

"யாரு கல்யாணம்?"

"ஆட்டோக்காரனுக்கு யாரு பத்திரிகை வைக்கிறா?"

நான் சொன்னதைக் கேட்டுச் சர்மிளா சட்டென்று துணியை மடிக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் போயிருந்தது. "வேணாம் மிஸ். விட்ருங்க. நான் சூடம் அணைச்சுக்கிறேன். நான் எடுக்கலங்கிறது உண்மைதானே, அம்மன் என் கைய ஒண்ணும் பண்ணாது," என்றாள்.

"துணிய நான் வச்சுக்கிறேன்," என்று அக்கா வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறியதும், "அந்தப் புள்ளைக்கு ஏதோ புரிஞ்சிருச்சு ஜீவா. நமக்குத்தான் இன்னும் புரியல," என்றார். எனக்கு இரண்டுமே புரியவில்லை, அதனால் வேகத்தைக் கூட்டினேன்.

மண் சரிந்த இடத்தில் மறுபடி அரை மணி. பிரியந்தியின் கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது இரண்டரை. உள்ளே ஒருத்தியின் ஒரு புருவம் மட்டும் முடிந்திருந்தது.

"ஆம்பளைங்க வெளிய நிக்கணும்," என்றாள் பிரியந்தி.

"நான் ஆம்பளையா வரல, புகார்காரனா வந்திருக்கேன். என் சீட்டுக்கு ஓசியில மேக்கப் போட்டுட்டீங்க. அதுக்கு இப்பக் கல்யாண வயசு வந்த மாதிரி மினுக்குது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பெண்ணிடம் கேள்வி கேட்பது சுலபம் என்பது அக்காவின் கணக்கு. "ஞாயித்துக்கெழமப் பொண்ணுக்கு நீங்க போட்ட அலங்காரத்த எல்லாரும் பேசுறாங்க. வீடியோ இருக்கா?" என்று கேட்டார். தன் வேலையைப் பாராட்டினால் யார்தான் மறைப்பார்கள்? போன் உடனே வெளியே வந்தது.

அழகான பெண். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு இருக்கலாம். கழுத்து நிறைய வாடகைக்கு எடுத்த கல்நகை. நாங்கள் தேடியது அங்கே இல்லை. எனக்கு மனசு விழுந்துவிட்டது. அக்கா மட்டும் வீடியோவைப் பின்னால் தள்ளித் தள்ளி, நகை போடுவதற்கு முந்தின இடத்தில் நிறுத்தினார். ஒரு கை, நிறையக் கண்ணாடி வளையல், மணப்பெண்ணின் கழுத்தில் சிவப்பாக ஒரு மாலையைப் போட்டு ரவிக்கைக்குள்ளே தள்ளியது. கைக்காரியின் முகம் படத்தில் இல்லை. குரல் இருந்தது.

'தோல்ல படணும் புள்ள. வெளிய தெரியாம வச்சுக்க.'

அந்தக் குரலை அன்று காலையில்தான் கேட்டிருந்தோம்.

"நாகலெட்சுமி!" என்றேன். நான் கத்தியதில் மற்றப் புருவத்துக்குக் காத்திருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அவங்க மக தர்ஷினி," என்றாள் பிரியந்தி. "மால ஏதோ நேர்த்திக்கடன்னு சொன்னாங்க. பவுடர் பட்டா கழுவிருவோம்னாங்க. நான் எதுவும் தப்புப் பண்ணலியே அக்கா?"

"நீங்க பண்ணல." அக்கா வீடியோவை விட்டுவிட்டுப் படங்களைத் தள்ளினார். மாலை மாற்றும் படத்தில் நின்று, அதை விரலால் பெரிதாக்கினார். "மாப்பிள்ளையையா பாக்குறீங்க? லேட்டுக்கா, தாலி கட்டியாச்சு," என்றேன். "இத ஜீவாவுக்கு அனுப்பிருங்க," என்று பிரியந்தியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஏன் என்று நான் கேட்டதற்கு மணியைக் காட்டினார். மூன்றேகால்.

வண்டியில் அவரால் உட்கார முடியவில்லை. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தார்.

"காலையிலயே அந்தம்மா சொல்லிட்டாங்க, நாமதான் கேக்கல. தோட்டமே 'மாத்திட்டா'ங்குது. சர்மிளாவே என்ன நடந்துச்சுன்னு தெரியாம முழிக்கிறா. இந்தம்மா மட்டும் 'அதே மாலைதான், கெட்டுப்போச்சு'ன்னு அடிச்சுச் சொன்னாங்க. எப்படித் தெரியும்? கெடுத்தவங்களுக்குத்தான் தெரியும்."

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. இது ஆட்டோ பிடிச்சு நம்ம ஆபீசுக்கே வந்திருக்கு. சரி, அம்மன் மாலைய எதுக்குப் பொண்ணு ரவிக்கைக்குள்ள ஒளிக்கணும்?"

"முப்பத்து நாலு வயசு வரைக்கும் கல்யாணம் ஆகாத பொண்ணு. தோல்ல படுற மாதிரி பவளம். உனக்கே பொண்ணு தேடி ஜாதகம் தூக்கி அலுத்துப்போச்சு, தெரியாதா?"

தெரியும். செவ்வாய் தோஷம். அதற்குப் பவளம்தான் பரிகாரம் என்று எந்த ஜோசியரும் சொல்வார். அம்மன் கழுத்தில் கிடந்த பவளம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒளித்துப் போட்டார்கள் என்றால், மாப்பிள்ளை வீட்டுக்குத் தோஷம் தெரியாது. அதாவது, கொடுத்த ஜாதகம் வேறு.

நாங்கள் கையில் வைத்திருந்தது சர்மிளாவின் விடுதலை. அதை எடுத்து நீட்டினால் ஆறு நாள் வயதான ஒரு கல்யாணம் உடையும். சர்மிளாவின் முகம் ஏன் வெளுத்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை, டிக்கோயா மண்டபம் என்றதுமே அவளுக்கு யாருடைய கல்யாணம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துதான் 'விட்ருங்க' என்றிருக்கிறாள்.

மழை விட்டிருந்தது. மேளம் கேட்கும் தூரத்துக்கு வந்தபோது நாலேமுக்கால்.

நாகலெட்சுமி அம்மா கோயிலுக்குப் பின்னால் பூக்கூடைக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். அக்கா துணியை விரித்துக் காட்டினார். அந்த அம்மா ஜிகினாவைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வங்கியிலேருந்து எடுத்த பெட்டி எங்க வீட்டுலதான் இருந்துச்சு மிஸ். கல்யாணம் முடிஞ்சு பாத்தா மாலையில பவுடரு ஒட்டிருந்துச்சு. ஞாயித்துக்கெழமப் பொழுது சாயப் புளியக் கரைச்சு, சுடுதண்ணியில ஊறப் போட்டேன். வெளக்குக்கு, செம்புக்கு எல்லாம் புளிதானே போடுறோம்? காலையில எடுத்துப் பாத்தா வெள்ள வெளேர்னு கெடக்கு. கையும் ஓடல, காலும் ஓடல. தேங்கா எண்ணெயத் தடவுனேன். தடவுனதும் பழையபடி செவந்துருச்சு. அம்மன் மன்னிச்சுட்டான்னு நெனச்சேன்."

"அம்மன் மன்னிக்கல. எண்ணெய் மூடி வச்சுச்சு. சர்மிளா சரியாத் தொடச்சதால வெளிய வந்துச்சு. ஒழுங்காத் தொடச்சதுதான் அவ பண்ணுன தப்பு."

"அதான் மிஸ் உங்ககிட்ட வந்தேன். அந்தப் புள்ளையும் தப்பிச்சு, எம்பொண்ணும் தப்பிச்சுருவான்னு நெனச்சேன். சம்பந்தியம்மா வந்திருக்காங்க, மாப்பிள்ளை வந்திருக்காரு. தெரிஞ்சா இன்னைக்கே எம்மகளக் கொண்டாந்து விட்ருவாங்க." அவர் அக்காவின் காலைப் பிடிக்கப் போனார்.

அக்கா விலகிக்கொண்டார். "களவு இல்லைங்கிறத நான் காட்டிருவேன். மிச்சத்த என் வாயால சொல்லமாட்டேன். சொல்ல வேண்டிய வாய் உங்களது." அதற்கு மேல் நிற்கவில்லை.

"நீங்க இன்னும் அந்த மாலையக் கண்ணாலயே பாக்கலக்கா," என்று நான் காதில் சொன்னேன். "அது நெசமாவே போலியா இருந்துட்டா?"

"இருந்துட்டா நாளையிலேருந்து நான் பின்சீட்டுல உக்காந்து ஜிகினா பொறுக்குறேன்."

ஐந்து மணி. கோயில் முன்னால் மூன்று லயத்துச் சனமும் நின்றது. தட்டில் சூடம். பக்கத்தில் திறந்த பெட்டி, அதில் வெளுத்த மாலை. பொன்னையா ஐயா வெள்ளை வேட்டியும் கரகரத்த தொண்டையுமாக நின்றார். சர்மிளா ஈரத்தலையோடு முன்னால் வந்தாள். அக்கா குறுக்கே போனார்.

"ஐயா, சத்தியத்துக்கு முன்ன ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வேணும்."

"நீங்க யாரும்மா?"

"அடகுக் கவுண்டர்ல இருபத்திரண்டு வருசம் இருந்தவ. பவளம் கடலுக்குள்ள வளர்ற பொருள். புளிப்புப் பட்டா நுரைச்சுப் பொங்கும். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் சும்மா கெடக்கும். போலின்னா நானே அந்தப் புள்ளையப் பொலிசுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பொன்னையா ஐயா கூட்டத்தைப் பார்த்தார், கூட்டம் பழத்தைப் பார்த்தது. பூசாரி சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சையைப் பிடுங்கிக் கொடுத்தார். அக்கா மாலையின் கடைசி மணியைத் திருப்பி, பின்பக்கம் ஒரே ஒரு சொட்டு விட்டார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை நான் பார்த்ததில்லை. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் சின்னச் சின்னதாகப் பொங்கியது. முன்வரிசைப் பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள்.

"அசல்தான்," என்று அக்கா அந்த மணியைத் தண்ணீரால் துடைத்தார். "போலியா இருந்தா இவ்ளோ வெளுத்திருக்காது. கெட்டுப்போனதே இது அசலுங்கிறதுக்குச் சாட்சி."

பொன்னையா ஐயாவின் கண் கலங்கியது. நல்ல மனுசன், அம்மன் பொருள் திரும்பி வந்த சந்தோசம். ஆனால் நல்ல மனுசர்கள்தான் லேசில் விடமாட்டார்கள். "களவில்ல, சரி. ஆனா குடுக்கையில நல்லா இருந்துச்சு, வாங்கையில இப்படி இருக்கு. அப்ப கெடுத்தது இந்தப் புள்ளதானே? இல்லைன்னா சத்தியம் பண்ணட்டும்."

 சர்மிளா அக்காவைப் பார்த்துத் தலையை மெதுவாக அசைத்தாள். "தர்ஷினி என்கூடப் படிச்சவ மிஸ்," என்று எங்களுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். பூசாரி சூடத்தைக் கொளுத்தினார். அவள் கையை நீட்டினாள். எனக்கு அந்தத் தட்டை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்திருந்தார்.

சர்மிளாவின் கை இறங்குவதற்கு முன்னால் இன்னொரு கை சூடத்தின் மேல் விழுந்தது. கண்ணாடி வளையல் இரண்டு நொறுங்கின.

"நான்தான்!" நாகலெட்சுமி அம்மா கையை எடுக்கவே இல்லை. "நான்தான் புளியில போட்டேன். மக கல்யாணத்துக்கு அம்மன் மாலைய எடுத்துப் போட்டேன். அந்தப் புள்ளையப் பேசுன பேச்செல்லாம் என்னையப் பேசுங்க."

பொன்னையா ஐயா வாயைத் திறப்பதற்குள்,  புது மருமகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சம்பந்தியம்மா புனிதவதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மேளக்காரர் கூட மேளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"எதுக்குப் போட்டீங்க? அழகுக்கா?"

நாகலெட்சுமி அம்மா அம்மனைப் பார்த்தார். தப்பிக்கச் சம்பந்தியம்மாவே வழி எடுத்துக் கொடுத்திருந்தார், ஒரு 'ஆமா' போதும். ஆனால் சுட்ட கையோடு அம்மன் முன்னால் நிற்கிறவருக்கு அது வரவில்லை.

"இல்லைங்க. செவ்வாய்க்கு."

தர்ஷினி முகத்தை மூடிக்கொண்டாள்.  புனிதவதி அம்மா திரும்பி, "கிஷாந்த், இங்க வா," என்றார். வந்து நின்ற மகனின் வலது கையைத் தூக்கி எல்லாரும் பார்க்கப் பிடித்தார். மோதிர விரலில் சிவப்பாக ஒரு கல். பவளம்.

"அப்ப இது மட்டும் அழகுக்கா?" என்றார். "ஏழு வருசம் பொண்ணு தேடுனோம். செவ்வாய்னு சொன்னா யாரும் குடுக்கல. நாங்களும்தான் ஜாதகத்த மாத்துனோம்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நானாகத்தான் இருக்கும். செவ்வாய்க்குச் செவ்வாய்தான் பொருத்தம் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உண்மையான ஜாதகத்தையே கொடுத்திருந்தால், முதல் நாளே வெற்றிலை மாற்றியிருப்பார்கள்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணும்பாங்க," என்றேன். "இவங்க வீட்டுக்கு ஐந்நூறாப் பிரிச்சுக்கிட்டாங்க."

சத்தம் அடங்கியதும் அக்காவை ஓரமாக இழுத்துப் போனேன். போனில் வந்திருந்த மாலை மாற்றும் படத்தைத் திறந்தேன். மாப்பிள்ளையின் விரலில் அதே மோதிரம்.

"இது முன்னமே தெரியும் உங்களுக்கு. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பாடு பட்டிருக்கமாட்டாங்களே?"

"சொல்லியிருந்தா பயமில்லாம வந்து சொல்லியிருப்பாங்க. சர்மிளா மூணு நாளு பயத்தோட நின்னா ஜீவா. அவளுக்காக ஒருத்தராவது பயத்தோட முன்ன வரணும்."

எனக்கு அது கொஞ்சம் கொடுமையாகத்தான் பட்டது. ஆனால் சர்மிளாவின் முகத்தைப் பார்த்த பிறகு நான் வாதாடவில்லை.

பொன்னையா ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். வயதில் மூத்தவர், மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "டீச்சர்," என்றார். அதுவரை அந்த மூன்று நாளும் 'அந்தப் புள்ள' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். "அடுத்த வருசமும் நீங்களே தொடச்சுக் குடுங்க. எங்க யாரு கைக்கும் அது தெரியல."

சர்மிளா உடனே வாங்கவில்லை. கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள். அதில் அவளுடைய பதினேழு பிள்ளைகளின் தாய்மார்களும் இருந்தார்கள். ஒருத்தி தன் இடுப்பில் இருந்த குழந்தையைக் கீழே இறக்கி, "டீச்சர்கிட்டப் போ," என்று தள்ளிவிட்டாள். குழந்தை ஓடிப்போய் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அழுகையோடேயே பெட்டியை வாங்கிக்கொண்டாள். சுட்ட கையில் யாரோ தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்க, நாகலெட்சுமி அம்மா தலைகுனிந்து நின்றார். சர்மிளா அவரிடம் போனாள்.

"தொடச்சுக் குடுக்குறேன் அத்தே," என்றாள். "ஆனா புளிய மட்டும் இனிமே ரசத்துக்கு வச்சுக்கங்க."